கொட்டகைக்குப் போன ராத்திரிகள் - மதுரைச் சீமையின் 'இண்டி' பாடகர்கள்

ராக் இசை ரசிகர்கள் ஒரு விஷயத்தைச் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். பிடித்த குழுவின் பாட்டை வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்பது வேறு. அதே குழு ஒரு சின்ன கிளப்பில், பத்தடி தூரத்தில், வியர்க்க விறுவிறுக்க வாசிப்பதை நேரில் பார்ப்பது வேறு. லிவர்பூலில் மேத்யூ தெருவில் இருந்த கேவர்ன் கிளப் ஒரு நிலவறைதான். 1961 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அங்கே முதல்முறை மேடையேறினார்கள். 1963 ஆகஸ்டுக்குள் கிட்டத்தட்ட 300 தடவை அங்கே வாசித்துவிட்டார்கள். நியூயார்க்கில் 1973 டிசம்பரில் திறந்த சிபிஜிபி கிளப்பும் ஒன்றும் மாளிகை இல்லை. ரமோன்ஸ் மாதிரி குழுக்களை 1974 முதல் அந்த இடுக்கில் பார்த்தவர்கள், 2006ல் கிளப்பை மூடிய பிறகும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, மதுரைக்கு வருவோம். மதுரையில் கிளப் என்றால் ஒரு காலத்தில் காபி கிளப்தான்! இட்லி, காபி கிடைக்கும், கிடார் கிடைக்காது. ஆனால் பிடித்த பாடகரை நேரில் பார்க்க ராத்திரி முழுக்கக் கண்விழித்து, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போன கூட்டம் இந்த ஊரைச் சுற்றி நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தது. அவர்கள் போன இடத்துக்குப் பெயர் கொட்டகை. அவர்கள் பார்த்ததற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம்.

'ஸ்பெஷல்' என்ற வார்த்தையை இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து நாடகத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று கம்பெனி. முதலாளி ஒருவர் இருப்பார், அவர் கீழே நடிகர்கள், வாத்தியார், சமையல்காரர் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி ஊர் ஊராகப் போவார்கள். சின்னப் பையன்களை வைத்து நடத்தினால் பாய்ஸ் கம்பெனி. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற பெயரை எம்.ஜி.ஆர். வரலாறு படித்த எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பி.யு. சின்னப்பாவும் அங்கே வளர்ந்தவர்தான். ஒத்திகை, கட்டுப்பாடு, அடி உதை எல்லாம் அங்கே உண்டு.

இன்னொரு வழி ஸ்பெஷல். இதில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரில் இருப்பார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரில் இருப்பார், பபூன் மூன்றாவது ஊரில். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தனித்தனி. நாடகம் வைக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். பல தடவை அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. ஆனாலும் நாடகம் நடக்கும்! பெரிய ரெக்கார்டு கம்பெனியின் தயவில் இல்லாமல் தன் பாட்டைத் தானே கொண்டுபோகிறவர்களைத்தான் 'இண்டி' என்கிறார்கள் என்றால், ஸ்பெஷல் நடிகர்கள்தான் மதுரைச் சீமையின் முதல் இண்டி கலைஞர்கள்.

ஒத்திகை இல்லாமல் எப்படி நடந்தது? அதற்குக் காரணம் ஒரு தனி மனிதர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதியவை எல்லா நடிகர்களுக்கும் மனப்பாடம். எந்தக் கட்டத்தில் எந்தப் பாட்டு, அதற்கு எதிர்ப்பாட்டு எது என்பது தெரிந்துவிட்டால், முன்பின் தெரியாத இருவர்கூட விடிய விடிய நடிக்கலாம். ஜாஸ் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மெட்டை வைத்துக்கொண்டு புதிதாக வாசிப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதில் வேடிக்கை, இதே சுவாமிகள்தான் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்து, டி.கே.எஸ். சகோதரர்களையும் வளர்த்துவிட்டார். ஆக, கம்பெனிக்கும் அவரே வாத்தியார், ஸ்பெஷலுக்கும் அவரே வாத்தியார்.

எழுதிய வசனம் பாதிதான். மீதியை மேடையில் அப்போதைக்கப்போது இட்டுக்கட்டுவார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே ஆள் வரும். யார் யாரை மடக்குகிறார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. பாட்டு பிடித்துவிட்டால் 'ஒன்ஸ்மோர்' சத்தம் கிளம்பும். நடிகர் கதையை நிறுத்திவிட்டு மறுபடியும் பாடியே ஆகவேண்டும். செத்துக் கிடக்கிற பாத்திரம்கூட எழுந்து பாடிவிட்டு மறுபடி செத்துப்போகும் என்று அந்தக் காலத்து நாடகங்களைக் கேலி செய்வார்கள். கேலி நியாயமானதுதான். ஆனால் கூட்டம் கதைக்காக வரவில்லை என்பதையும் அது சொல்கிறது. வள்ளிக்கு யாரோடு கல்யாணம் ஆகும் என்பது தெரியாத ஆள் யாராவது உண்டா? வந்தது குரலுக்காக. எஸ்.ஜி. கிட்டப்பா (1906-1933) மைக் இல்லாமல் உச்சஸ்தாயியில் பாடினால் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும் என்பார்கள். கே.பி. சுந்தராம்பாளோடு அவர் ஜோடி சேர்ந்தபோது கேட்கவே வேண்டாம்.

அந்தக் குரல்களில் ஒன்றுதான் இந்தக் கட்டுரையின் நாயகன். எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ்.

1886ல் சிவகாசியில் பிறந்தவர். வாழ்ந்தது மதுரைக்குத் தெற்கே இருக்கிற திருமங்கலத்தில். நல்ல உடற்கட்டு, நல்ல குரல், ராஜபார்ட். முருகன் வேடம் என்றால் தாஸ்தான் என்கிற அளவுக்குப் பெயர். இன்றைக்கு அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'தியாகி' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தியாகிதான், சந்தேகமில்லை. ஆனால் கொட்டகைக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்கள் தியாகியைப் பார்க்க வரவில்லை, தங்களுக்குப் பிடித்த பாடகரைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பிடிப்பு இருந்ததால்தான் அவர் பாட்டுக்குள் வைத்து அனுப்பிய அரசியலும் அவர்கள் வீடு வரை போனது.

1919ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை. பஞ்சாபில் நடந்தது மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்கு எப்படித் தெரியும்? பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். ரேடியோ வரவில்லை. செய்தி பாட்டாக வந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952) அந்த மாதிரிப் பாட்டுகளை எழுதித் தள்ளினார். அவருடைய இயற்பெயர் வெள்ளைச்சாமி. அவர் எழுதுவதை அன்றைய முன்னணிப் பாடகர்கள் எல்லோரும் பாடினார்கள். கிராமபோன் தட்டுகளில் பதிவானது. 1931ல் முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ் வந்தபோது அதற்கும் பாட்டு எழுதியது அவர்தான். படத்தின் கதை காளிதாசன் காலத்துக் கதை. ஆனால் நடுவில் காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டு வரும்! ஸ்பெஷல் நாடகம் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு இது ஒன்றும் வினோதமாகப் பட்டிருக்காது. (பாஸ்கரதாஸ் விடாமல் நாட்குறிப்பு எழுதியவர். அது பிற்பாடு புத்தகமாக வந்திருக்கிறது. எழுத்தாளர்கள் தமிழ்ச்செல்வன், கோணங்கி, நாடகக்காரர் முருகபூபதி மூவரும் அவருடைய பேரன்கள்.)

வெள்ளைக் கொக்கைப் பற்றிய அவருடைய பாட்டைத் தாஸ் மேடையில் பாடிய விதம்தான் ரொம்பப் பிரசித்தம். அது எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கதிர் தின்ன வரும் பறவைகளை விரட்டுகிறாள். அங்கேதான் முருகன் வேடனாக வருகிறார். பறவை விரட்டுகிற இடத்தில் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வந்தால் யார் என்ன சொல்ல முடியும்? புராணக் கதைக்குள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் எங்கிருந்தோ வந்து நம் விளைச்சலைத் தின்னுகிற அந்த வெள்ளைக் கொக்கு யார் என்பது கீழே தரையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். மேடையோரம் நிற்கிற போலீஸ்காரருக்கும் தெரியும். கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்கும்.

அரசாங்கத்திடம் ஆயுதம் இல்லாமல் இல்லை. 1876ம் வருஷத்து நாடகச் சட்டம் இருந்தது. ஆட்சிக்கு எதிரான வெறுப்பைத் தூண்டும் நாடகத்தைத் தடை செய்யலாம். ஆனால் சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது எழுதி வைத்த நாடகம், தலைப்பு உள்ள நாடகம். வள்ளி திருமணத்தை எப்படித் தடை செய்வது? அதன் பிரதியை வாங்கிப் படித்தால் அதில் ராஜதுரோகம் ஒன்றும் இருக்காது. ராஜதுரோகம் நடிகரின் வாயில் இருந்தது, அதுவும் ராத்திரி 12 மணிக்கு மேல்தான் வெளியே வந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம், கிராமபோன் தட்டைத் தடுக்கலாம். நேரில் பாடுகிறவரை, பாடிய பிறகு கைது செய்ய மட்டுமே முடியும். அதற்குள் ஆயிரம் பேர் கேட்டாயிற்று. 'நேரில் பார்ப்பது' என்பதற்கு இதைவிடப் பெரிய அர்த்தம் எந்த கிளப்பிலும் இருந்திருக்காது!

கைதும் நடந்தது. திரும்பத் திரும்ப நடந்தது. 29 தடவை சிறை சென்றார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. ஒவ்வொரு தடவை சிறைக்குப் போகும்போதும் ஒப்புக்கொண்ட நாடகங்கள் போய்விடும். ஸ்பெஷல் நடிகருக்கு மாதச் சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது, கடன் மட்டும்தான் உண்டு. இண்டியாக இருப்பதன் சுகத்தைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கம்பெனி முதலாளி இருந்திருந்தால் அவரை அப்படிப் பாட விட்டிருக்க மாட்டார். முதலாளி இல்லாததால் பாட முடிந்தது. அதே காரணத்தால் வீட்டில் அடுப்பெரிய யாரும் பொறுப்பில்லாமலும் போனது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் கதை பாதிதான். தாஸ் பிறந்தது முடிதிருத்தும் தொழில் செய்யும் மருத்துவர் சமூகத்தில். மேடையில் அவர் முருகன். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மேடைக்குப் பின்னால்? அவரோடு ஜோடியாக நடிக்கச் சாதியைக் காரணம் காட்டி நடிகைகள் மறுத்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடும்போது கைதட்டிய அதே சமூகம்தான் இது. ஒத்திகை இல்லாமல் யாரோடு வேண்டுமானாலும் நடிக்கலாம் என்பதுதான் ஸ்பெஷல் நாடகத்தின் பெருமை. அந்த 'யாரோடு வேண்டுமானாலும்' என்பதற்குள் இவர் மட்டும் வரவில்லை.

அந்த நேரத்தில் அவரோடு நடிக்க முன்வந்தவர்களில் ஒருவர் மதுரைப் பெண். பெயர் கே.பி. ஜானகி. 1917ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பாட்டால் பெயர் வாங்கி, நல்ல சம்பாத்தியத்தில் இருந்தவர். தாஸோடு நடித்தால் மற்றவர்கள் தன்னை ஒதுக்குவார்கள் என்பது தெரிந்தே நடித்தார். மேடையில் தேசியப் பாட்டும் பாடினார். பிறகு காங்கிரஸ், காங்கிரஸ் சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் என்று அவர் பாதை போனது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் போருக்கு எதிராகப் பேசியதற்காகச் சிறை. 1967ல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். 1992ல் காலமானார். மதுரையில் பெரியவர்கள் இன்றும் 'ஜானகி அம்மா' என்றுதான் சொல்வார்கள். ஸ்திரீபார்ட்டாக வாழ்க்கையை ஆரம்பித்தவர் என்பது இந்தத் தலைமுறையில் பல பேருக்குத் தெரியாது.

தாஸின் கடைசி நாடகம் 1940 டிசம்பர் 31 ராத்திரி. இடம் சென்னை ராயல் தியேட்டர். நாடகம் அதே வள்ளி திருமணம், வேடம் அதே முருகன். மயில் வாகனத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் மேடையிலேயே உயிரை விட்டார். வயது 54. இறுதி ஊர்வலத்தில் முருகன் வேடத்தைக் கலைக்காமல் அப்படியே கொண்டுபோனார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த இடத்தில் இப்போது அரசு நினைவு இல்லம் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன ஆனது? சினிமா வந்து கொட்டகைகளை எடுத்துக்கொண்டது. பல ஊர்களில் 'கொட்டகை' என்ற வார்த்தையே சினிமாவுக்குப் போய்விட்டது. நல்ல குரல் உள்ளவர்கள் சென்னைக்கு ரயிலேறினார்கள். ஆனால் கேட்கிற கூட்டமும் அதன் பழக்கமும் எங்கேயும் போகவில்லை. 1950களின் கடைசியில் மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் (தேனி அப்போது தனி மாவட்டம் இல்லை) இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி கூட்டம் கூடியது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜனும் அவர் தம்பிகளும். கையில் ஆர்மோனியம், பின்னால் தாள வாத்தியம். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார்கள். வார்த்தைகளை மாற்றிக் கம்யூனிஸ்ட் கட்சி மேடையில் பாடுவார்கள். 1958ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். பாவலரின் பாட்டு மலையேறியது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். ஜெயித்ததில் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று கட்சிக்காரர்களே பேசிக்கொண்டார்கள்.

அந்தக் குழுவில் சின்னத் தம்பி ஒருவர் உண்டு. குரல் உடையாத வயதில் பெண் குரலில் பாடுவார். பிறகு ஆர்மோனியம் வாசித்தார். அம்மா ரேடியோவை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு அண்ணன் தம்பிகள் சென்னைக்குப் போன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1976ல் அன்னக்கிளி வந்த பிறகு தமிழ்நாடு முழுக்க அவர் பாட்டு. பண்ணைப்புரத்துக்காரர்கள் மட்டும், 'இளையராஜாவை நாங்க அதுக்கு முன்னாடியே மேடையில பார்த்தோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். பீட்டில்ஸைக் கேவர்ன் கிளப்பில் பார்த்தவர்கள் அடித்துக்கொள்ளும் பெருமையும் இதே பெருமைதான்!

கிடார், டிரம்ஸ், மைக் எல்லாம் வைத்துக்கொண்டு பாடும் தமிழ்க் குழுக்கள் சென்னையில் இப்போது நிறைய. அவற்றில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் கச்சேரியை நடத்தியது. கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து, சாதிக்கு எதிரான பாட்டுகளைப் பாடியது. அயோத்திதாச பண்டிதர் பயன்படுத்திய 'சாதிபேதமற்ற' என்ற சொல்லில் இருந்துதான் குழுவின் பெயரே வந்தது. மேடையில் ஒரு கூட்டம், கீழே தரையில் நின்றபடி ஒரு கூட்டம். விஸ்வநாத தாஸோடு நடிக்க மறுத்த காலத்தில் இருந்து கணக்குப் போட்டால் 80, 90 வருஷம்.

ஸ்பெஷல் நாடகம் செத்துவிட்டது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் சூசன் சீசர் 1990களில் இந்தக் கலைஞர்களோடு பழகி, 2005ல் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலித்து நாடகம் வைப்பார்கள். டிக்கெட் கிடையாது. நடிகர்களின் போட்டோ போட்ட நோட்டீஸ் ஊர் முழுக்க ஒட்டப்படும். அதைப் பார்த்துவிட்டு, 'ஆர்மோனியம் யாரு?' என்று முதலில் கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி 10 மணி வாக்கில் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆரம்பிக்கும். பிறகு பபூன் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சிரிக்க வைப்பார். அதற்கப்புறம்தான் கதை. முருகன் மேடைக்கு வரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். பாயில் தூங்கிப்போன பிள்ளைகளை அம்மாக்கள் அப்போதுதான் தட்டி எழுப்புவார்கள்.